சுருளுயிரிகளும் கூட்ட அறைகளும்

கார்டன் ஆய்வு மாநாடுகள் என்ற பெயரில் நடந்துவரும் அறிவியல் கூட்டங்களுக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. அங்கே பேசப்படுவதை வெளியில் கொண்டுபோகக் கூடாது. உரையை ஒலிப்பதிவு செய்யக் கூடாது. திரையில் விழும் படத்தைப் புகைப்படம் எடுக்கக் கூடாது. கேட்டதை, சொன்னவரின் அனுமதியின்றிக் கட்டுரையில் மேற்கோள் காட்டக் கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் நீல் கார்டன் 1931இல் தொடங்கிய கோடைச் சந்திப்புகளிலிருந்து வளர்ந்த மரபு இது. 1930களில் மேரிலாந்தின் கிப்சன் தீவிலும், 1947 முதல் நியூ ஹாம்ப்ஷயரின் பள்ளி, கல்லூரி வளாகங்களிலும் இக்கூட்டங்கள் நடந்தன. காலையிலும் இரவிலும் உரைகள், பிற்பகல் முழுக்க ஓய்வு, எல்லோருக்கும் ஒரே கூடத்தில் சாப்பாடு. முடிவாகாத ஆய்வை, தவறாகவும் இருக்கக்கூடிய ஊகத்தை, அச்சமின்றிச் சகாக்களின் முன் வைப்பதற்காகவே அந்த மௌன விதி ஏற்பட்டது.

இந்த வரிசையில் ‘ஸ்பைரோகீட்டுகளின் உயிரியல்’ என்றொரு கூட்டமும் உண்டு. கலிபோர்னியாவின் வெஞ்சுரா என்ற கடற்கரை ஊரில் பலமுறை கூடியிருக்கிறது. ஸ்பைரோகீட் என்பது திருகுபோல் சுருண்ட உடல் கொண்ட பாக்டீரியா வகை. சுருளுயிரி என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அக்கூட்டத்தில் அருகருகே அமர்பவர்களின் ஆய்வுப் பொருள்களைப் பார்த்தால் இவர்களுக்குள் என்ன உறவு என்று முதலில் விளங்காது. ஒருவர் பாலுறவால் பரவும் சிஃபிலிஸை ஆராய்கிறார். இன்னொருவர் காட்டு உண்ணியால் பரவும் லைம் நோயை. மூன்றாமவர் எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸை, நம்மூரில் எலிக்காய்ச்சல் என்கிறோமே, அதை. நான்காமவர் பேனும் உண்ணியும் கொண்டுவரும் மீள்காய்ச்சலை. நோய்களுக்கிடையே ஒற்றுமை குறைவு. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது நுண்ணுயிரியின் வடிவமும், அந்த வடிவம் அதைப் பிடிக்க வருபவருக்குத் தரும் தொல்லையும்தான்.

அந்த அறையில் பேசப்படுவதை விதிப்படி நாம் எழுத முடியாது. ஆனால் அதற்கு முன்பு இதே நுண்ணுயிரிகளைப் பற்றி வேறு சில அறைகளில் பேசப்பட்டவை பதிவாகியிருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் படிக்கும்போது, கார்டனின் மௌன விதி எதைக் காக்க வந்தது என்பது புரிகிறது. அறையின் கதவைச் சாத்திக்கொள்வதால் என்ன நேரக்கூடும் என்பதும் புரிகிறது.

முதலில் அந்த வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிற பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு நீந்த உதவும் கசையிழைகள் உடலுக்கு வெளியே வால்போல் நீண்டிருக்கும். சுருளுயிரியில் அவை வெளிச்சவ்வுக்கு உள்ளே, உடலைச் சுற்றி ஒளிந்திருக்கின்றன. அவை சுழலும்போது உடல் முழுவதுமே சுழல்கிறது அல்லது அலைபோல் நெளிகிறது. மற்ற பாக்டீரியாக்கள் கூழ் போன்ற பொருளில் சிக்கி நின்றுவிடும் இடத்தில் இது துளைத்துக்கொண்டு போகிறது. தோலின் அடித்திசு, கண், மூட்டு, மூளை என்று உடலின் எந்த மூலைக்கும் போக வல்லது. சிஃபிலிஸை உண்டாக்கும் உயிரி 6 முதல் 15 மைக்ரான் நீளம் இருக்கும், தடிமனோ 0.2 மைக்ரானுக்குச் சற்றுக் கூடக்குறைய. சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். அதாவது, பார்வையின் விளிம்பில் வாழும் உயிரி. சாயத்தையும் எளிதில் ஏற்காது. இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னால் மற்றவர் நம்ப வேண்டுமா, வேண்டாமா?

1905 மே 17 அன்று பெர்லின் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் இக்கேள்விதான் எழுந்தது.

அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் சிஃபிலிஸின் காரணி கிடைத்துவிட்டது என்ற அறிவிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்திருந்தன. கடைசியாக வந்தது ஜான் சீகல் என்பவரின் அறிவிப்பு. அம்மை முதலிய பல நோய்களில் காணப்படும் ஒருவகை ஒற்றைச்செல் உயிரியே சிஃபிலிஸுக்கும் காரணம் என்றார் அவர். பெர்லின் விலங்கியல் நிறுவனத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. அதைச் சரிபார்க்கும் பணியை ஜெர்மானியப் பேரரசின் சுகாதார அலுவலகம் ஃபிரிட்ஸ் ஷௌடின் என்ற விலங்கியலாளரிடம் ஒப்படைத்தது. ஒற்றைச்செல் உயிரிகளில் தேர்ந்தவர், மருத்துவர் அல்லர். நோயாளிகளிடமிருந்து மாதிரி எடுத்துத் தந்தவர் ஷாரிடே மருத்துவமனையின் தோல்நோய் மருத்துவர் எரிக் ஹோஃப்மன். 1905 மார்ச் 3 அன்று, இரண்டாம் நிலை சிஃபிலிஸ் கண்ட ஒரு பெண்ணின் கொப்புளத்திலிருந்து எடுத்த, சாயமேற்றாத திரவத்தை ஷௌடின் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சீகல் சொன்ன உயிரி அங்கே இல்லை. மிக மெல்லிய, மிக வெளிறிய, திருகாணிபோல் சுழன்றபடி முன்னும் பின்னும் போய்வரும் வேறொன்று இருந்தது. வெளிறியது என்ற பொருளில் ‘ஸ்பைரோகீட்டா பாலிடா’ என்று பெயரிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவரே அதை ‘ட்ரெபொனீமா பாலிடம்’ என்று மாற்றினார். அந்தப் பெயரே நிலைத்தது.

வெளிறியது என்பது நோயின் பெயர்களையெல்லாம் நினைக்கும்போது எவ்வளவு சாதுவான பெயர்! இந்த நோயைத் தன் பெயரால் அழைத்துக்கொள்ள எந்த நாடும் சம்மதித்ததில்லை. இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ருஷ்யர் போலந்துக்காரரைக் கைகாட்டினர். நாம் பறங்கிப்புண் என்றோம்; அதற்குச் சித்த வைத்தியம் தந்த மருந்துச் சரக்கு இன்றும் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்ற பெயரில் கிடைக்கிறது. சிஃபிலிஸ் என்ற பெயரே வெரோனாவின் மருத்துவக் கவிஞர் ஃப்ராகஸ்டோரோ 1530இல் வெளியிட்ட லத்தீன் கவிதையில் வரும் இடையன் ஒருவனின் பெயர். நானூறு ஆண்டுகளாகப் பழியாகவும் கவிதையாகவும் வழங்கிவந்த ஒன்றுக்கு, கண்ணால் பார்த்த நிறத்தை மட்டும் வைத்துப் பெயரிட்டவர் ஷௌடின்.

பெர்லின் கூட்டத்தில் ஹோஃப்மனும் ஷௌடினும் தங்கள் கண்டுபிடிப்பை முன்வைத்தார்கள். இதுதான் நோயின் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. நோயாளிகளிடம் தொடர்ந்து காணப்படுகிறது என்று மட்டுமே அடக்கமாகச் சொன்னார்கள். சீகலின் பக்கத்தைச் சேர்ந்த டேசிங் என்ற விலங்கியலாளர் எழுந்து தாக்கினார். நீங்கள் கண்டது உயிரியே அல்ல, சாயத்தில் கலந்திருந்த மாசாக இருக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஷௌடின் முதலில் பார்த்ததே சாயமேற்றாத, உயிரோடு நகரும் ஒன்றை என்பதை மறந்துவிட்டுத்தான் இதைச் சொல்ல முடியும். வாதம் மே 24 வரை நீண்டது. தலைமை வகித்தவர் எர்ன்ஸ்ட் ஃபான் பெர்க்மன், அன்றைய ஜெர்மனியின் புகழ்மிக்க அறுவைச் சிகிச்சை வல்லுநர். சிஃபிலிஸுக்கு அடுத்த காரணி ஒன்று வந்து நம் கவனத்தைக் கோரும்வரை இவ்விவாதத்தை முடித்துவைக்கிறேன் என்ற பொருளில் அவர் சொல்லி முடித்தார். அவை சிரித்திருக்க வேண்டும். அடுத்த காரணி வரவேயில்லை.

பெர்க்மனைக் குறைசொல்வது எளிது. கால் நூற்றாண்டாக ஏமாந்துவந்த ஓர் அவையின் தலைவர் வேறு எப்படிப் பேசியிருப்பார் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஐயம் கொள்வது அறிவியலில் கடமை. ஆனால் ஐயம் கொள்பவர் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு: தானும் நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பது. அதைச் செய்தவர்கள் சில மாதங்களிலேயே பல நாடுகளில் அந்த உயிரியைக் கண்டார்கள். 1906இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் மூகாவும் இருட்புல நுண்ணோக்கியைப் பயன்படுத்தினர். கரிய பின்னணியில் வெள்ளி நூல்போல் அது மின்னியது. பார்க்கக் கண்பழக்கம்கூடத் தேவைப்படவில்லை. அதே ஆண்டில் வாசர்மன் தம் சகாக்களுடன் இரத்தச் சோதனை முறையை வெளியிட்டார். 1910இல் ஏர்லிஹ்ஹும் ஹாட்டா சஹாசிரோவும் கண்ட 606ஆம் சேர்மம் சால்வர்சான் என்ற மருந்தாகச் சந்தைக்கு வந்தது. ஷௌடின் இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. லிஸ்பனில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டுக்குப் போய்த் திரும்பும் வழியில் நோய் முற்றி, 1906 ஜூன் 22 அன்று ஹாம்பர்க்கில் இறந்தார். வயது 34. அவருடைய குடலைத் தின்றது அவர் ஆராய்ந்துவந்த அமீபாவே. ஹோஃப்மன் 1959 வரை வாழ்ந்தார்.

பெர்லினில் அவை சிரித்தது, சிரித்தது தவறாயிற்று. இதற்கு நேர் எதிராக, உலகமே கைதட்டிய ஒரு சுருளுயிரி உண்டு. கைதட்டியதும் தவறாயிற்று.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஹிடேயோ நொகுச்சி சுருளுயிரி ஆய்வில் அன்று யாருக்கும் இல்லாத புகழ் பெற்றிருந்தார். சிறுவயதில் தீயில் வெந்த இடக்கையோடு, ஜப்பானியக் கிராமம் ஒன்றின் வறுமையிலிருந்து புறப்பட்டு வந்தவர். சிஃபிலிஸின் கடைசிக் கட்டத்தில் பித்துப் பிடித்து இறந்தவர்களின் மூளையில் ட்ரெபொனீமாவை 1913இல் மூருடன் சேர்ந்து காட்டியவர். மனநோய் என்று கருதப்பட்ட ஒன்றின் காரணம் ஒரு கிருமி என்பது அதன்மூலம் உறுதிப்பட்டது. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் அதற்கு முன்பு 1911இல், ட்ரெபொனீமாவை உடலுக்கு வெளியே தூய வளர்ப்பாக வளர்த்துவிட்டேன் என்று அறிவித்திருந்தார். நோயை உண்டாக்கும் அந்த உயிரியை அவர் முறைப்படி வளர்த்துக் காட்ட வேறு எவராலும் முடியவில்லை.

1918இல் ஈக்வடாரின் குவாயகில் துறைமுகத்துக்கு மஞ்சள் காய்ச்சலை ஆராயப் போனார். போன சிறிது காலத்திலேயே நோயாளிகளின் இரத்தத்தில் ஒரு சுருளுயிரியைக் கண்டார். அதற்கு ‘லெப்டோஸ்பைரா இக்டெராய்டிஸ்’ என்று பெயரிட்டு, மஞ்சள் காய்ச்சலின் காரணி இதுவே என்று 1919இல் அறிவித்தார். அதைக் கொண்டு செய்த தடுப்பூசியும் சீரமும் லத்தீன் அமெரிக்க நாடுகளில் மக்களுக்குப் போடப்பட்டன. உண்மையில் அது, கியூஷூவில் இனாடாவும் இடோவும் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கண்டு சொன்ன வைல் நோயின், அதாவது கடுமையான எலிக்காய்ச்சலின், கிருமி. இரண்டு நோய்களிலும் காய்ச்சல் உண்டு, காமாலை உண்டு, இரத்தக் கசிவு உண்டு. படுக்கையருகில் நின்று பார்ப்பவர் ஏமாறலாம். இன்னொரு பொறியும் இருந்தது. மஞ்சள் காய்ச்சலின் காரணி பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியைத் தாண்டிப் போகக்கூடியது என்று வால்டர் ரீடின் குழு கியூபாவில் முன்பே காட்டியிருந்தது. மெலிந்து சுழலும் லெப்டோஸ்பைராவும் அத்தகைய வடிகட்டிகள் சிலவற்றை நெளிந்து கடந்துவிடும். வடிவமே ஆய்வாளரை ஏமாற்றிய இடம் இது.

1924இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் வெப்பமண்டல அமெரிக்காவின் சுகாதாரம் பற்றிய பன்னாட்டு மாநாடு கூடியது. அங்கே நொகுச்சியின் கண்டுபிடிப்பை அவர் முன்னிலையிலேயே மறுத்துப் பேசியவர் ஹவானாவின் அரிஸ்டிடெஸ் அக்ரமான்டே. ரீடின் நால்வர் குழுவில் அன்று உயிரோடிருந்த ஒரே உறுப்பினர். மஞ்சள் காய்ச்சலை அவ்வளவு அருகிலிருந்து பார்த்தவர் அந்த அவையில் வேறு எவர் இருந்திருக்க முடியும்? ஆயினும் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் பெயருக்கு முன் ஹவானாவின் குரல் எடுபடவில்லை. 1926இல் ஹார்வர்டில் மாக்ஸ் டைலரும் செல்லார்ட்ஸும் இரண்டு லெப்டோஸ்பைராக்களும் ஒன்றே என்று காட்டிய பின்னரே ராக்ஃபெல்லர் தரப்பு தயங்கத் தொடங்கியது. 1927இல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஏட்ரியன் ஸ்டோக்ஸின் குழு குரங்குகளுக்கு நோயை ஏற்றி, காரணி வைரஸே என்று நிறுவியது. ஸ்டோக்ஸ் அந்நோயாலேயே செப்டம்பரில் இறந்தார். தன் முடிவைத் தானே சோதித்துவிட வேண்டுமென்று நொகுச்சி அக்ராவுக்குப் போனார். 1928 மே 21 அன்று மஞ்சள் காய்ச்சல் அவரையும் கொண்டுபோயிற்று. அவருடைய படம் ஜப்பானின் ஆயிரம் யென் நோட்டில் 2004 முதல் 2024 வரை அச்சாகிவந்தது. தேசங்கள் தம் விஞ்ஞானிகளை நினைவுகொள்ளும்போது எந்த அத்தியாயத்தை மடித்து வைக்கின்றன என்று கவனிப்பது சுவாரசியமான விஷயம்.

நொகுச்சியால் வளர்க்க முடியாத ட்ரெபொனீமாவின் பிடிவாதம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1912இல் வாஷிங்டனில் ஹென்றி நிக்கல்ஸும் ஹஃபும் நரம்பு சிஃபிலிஸ் கண்ட ஒரு நோயாளியின் முதுகுத்தண்டு நீரிலிருந்து அதை எடுத்து முயலின் விதைப்பையில் ஏற்றினார்கள். அந்த முயலிலிருந்து அடுத்த முயலுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று ஓர் அஞ்சல் ஓட்டம் தொடங்கியது. உலகப் போர்கள் இரண்டையும், பென்சிலினின் வருகையையும், டி.என்.ஏ.வின் அமைப்பு கண்டறியப்பட்டதையும் கடந்து அந்த ஓட்டம் தொடர்ந்தது. உலக ஆய்வகங்கள் பலவற்றில் ‘நிக்கல்ஸ் வகை’ என்று வழங்கும் ட்ரெபொனீமா, பெயர் தெரியாத அந்த ஒரு நோயாளியின் உடலிலிருந்து வந்த சந்ததி. 1981இல் ஃபீல்ட்ஸ்டீலும் அவருடைய சகாக்களும் காட்டு முயலின் மேலணிச் செல்களோடு சேர்த்து வைத்துச் சில தலைமுறைகள்வரை பெருக்கிக் காட்டினர். அதற்கு மேல் அது இறந்துபோயிற்று. 2018இல்தான் ஹூஸ்டனில் எட்மண்ட்சன், ஹூ, நாரிஸ் மூவரும் அதே வகைச் செல்களோடு, ஊட்டநீரை மாற்றி, நீண்டகால வளர்ப்பைச் சாதித்தார்கள்.

ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கான விடை, 1998இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது கிடைத்தது. ஏறக்குறைய 11.4 லட்சம் எழுத்துகள், ஆயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். நம் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவின் தொகுதி இதைப்போல் நான்கு மடங்கு. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களையும் கொழுப்புகளையும் தானே செய்துகொள்ளும் திறனைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, மனித உடலைச் சமையலறையாக நம்பி வாழ்கிறது. வெளிச்சவ்வில் புரதங்கள் மிகக் குறைவு. அதனால் நோயெதிர்ப்பு ஆற்றலின் கையில் பிடிபட அதிகம் எதுவுமில்லை. ஓராண்டு முன்னதாகப் படிக்கப்பட்ட லைம் நோய்க் கிருமி வேறு விதமாக வியக்கவைத்தது. பாக்டீரியாவின் குரோமோசோம் வட்டமானது என்பது பாடப்புத்தகப் பாடம். இதற்கோ நீண்ட கோடு போன்றது. கூடவே இருபதுக்கு மேற்பட்ட சிறு பிளாஸ்மிட்கள். உடல் கிருமிகளைப் பட்டினி போட இரும்புச் சத்தை ஒளித்துவைக்கும். இந்தக் கிருமியோ இரும்பையே விட்டுவிட்டு மாங்கனீசைக் கொண்டு பிழைக்கிறது என்று 2000இல் தெரிந்தது.

லைம் நோயின் கதை வேறொரு வகையில் இக்கட்டுரைக்கு முக்கியமானது. இதில் முதலில் கவனித்தவர்கள் எந்த அறிவியல் அவையிலும் இடம் இல்லாதவர்கள்.

1909இல் ஸ்டாக்ஹோமில் தோல்நோய் மருத்துவர்களின் கூட்டத்தில் ஆர்விட் அஃப்சீலியஸ், உண்ணி கடித்த இடத்திலிருந்து வளையமாகப் பரந்துசெல்லும் செந்தடிப்பு ஒன்றை விவரித்தார். ஸ்வீடன் மருத்துவர்கள் 1950களிலேயே அதற்குப் பென்சிலின் தந்து குணம் கண்டிருந்தார்கள். மருந்து வேலை செய்கிறது என்றால் காரணம் ஏதோ ஒரு பாக்டீரியாவாக இருக்க வேண்டும். அது எது என்று தெரியவில்லை. இந்த அறிவு அட்லாண்டிக்கைத் தாண்டிக் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற சிற்றூருக்கு வந்து சேரவில்லை. அங்கே பாலி மரே என்ற இல்லத்தரசியும் அவர் குடும்பத்தாரும் மூட்டு வீக்கம், காய்ச்சல், செந்தடிப்பு என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டனர். மருத்துவர்கள் கைவிரித்தனர், மனப்பிரமை என்றும் சொல்லிப் பார்த்தனர். அவர் குறிப்பேடு வைத்து ஊரில் யார் யாருக்கு இப்படி இருக்கிறது என்று எழுதிவந்தார். 1975இல் அவரும் இன்னொரு தாயும் தனித்தனியே மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தகவல் தெரிவித்தனர். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் விசாரிக்க வந்தார். 1977இல் வெளியான அவருடைய குழுவின் கட்டுரை, அடுத்தடுத்த மூன்று ஊர்களில் 39 குழந்தைகளும் 12 பெரியவர்களுமாக 51 பேரை விவரித்தது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் தொற்றாது. ஒரே தெருவில் இத்தனை பேருக்கு அது வருவதில்லை. மரேயின் குறிப்பேடு சொன்னதும் அதுவே.

கிருமியைக் கண்டவர் மொன்டானாவின் ஹாமில்டனில் இருந்த வில்லி பர்க்டார்ஃபர். சுவிட்சர்லாந்தின் பாசலில் படித்தவர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு உண்ணிகளுக்குள் வாழும் மீள்காய்ச்சல் சுருளுயிரிகளைப் பற்றியது. பயனற்ற துறை என்று கருதப்பட்ட ஒன்று. 1981இல் நியூயார்க்கை அடுத்த ஷெல்டர் தீவின் உண்ணிகளை வேறொரு கிருமிக்காக அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குடலில் மங்கலாகச் சுருண்டு கிடந்தவை கண்ணில் பட்டன. இளமையில் பார்த்துப் பழகிய உருவம். 126 உண்ணிகளில் 77இல் அவை இருந்தன. 1982இல் கட்டுரை வெளிவந்தது. 1983 நவம்பரில் யேலில் லைம் நோய்க்கான முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடியது. அடுத்த ஆண்டு கிருமிக்குப் ‘பொரேலியா பர்க்டார்ஃபெரி’ என்று பெயரானது. ஸ்டாக்ஹோம் கூட்டத்துக்கும் யேல் கூட்டத்துக்கும் இடையே 74 ஆண்டுகள்.

லைமில் நோயாளியின் குரல் தாமதமாகவேனும் அறைக்குள் வந்தது. வராமலே போன இடமும் உண்டு. சுருளுயிரிகளைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது.

1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிகிச்சை தராவிட்டால் சிஃபிலிஸ் ஒரு மனிதனை எப்படிக் கொண்டுபோகும் என்று கவனிப்பதே நோக்கம். நோயுள்ள 399 பேரும் ஒப்பீட்டுக்காக நோயில்லாத 201 பேருமாக 600 ஆண்கள். அனைவரும் கறுப்பினத்தவர், பெரும்பாலும் குத்தகை விவசாயிகள். உங்களுக்குக் கெட்ட இரத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லப்பட்டது. முதுகுத்தண்டு நீர் எடுக்கும் வேதனையான சோதனை, விசேஷ இலவசச் சிகிச்சை என்ற பெயரில் நடத்தப்பட்டது. இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க அனுமதிப்பதற்கு ஈடாக அடக்கச் செலவு தரப்பட்டது. 1943இல் ஸ்டேட்டன் தீவில் மஹோனி நான்கு நோயாளிகளைப் பென்சிலினால் குணப்படுத்திக் காட்டினார்; அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது நாடெங்கும் கிடைக்கும் மருந்தாயிற்று. மேக்கன் மாவட்டத்தின் அந்த ஆண்களுக்கு மட்டும் அது தரப்படவில்லை.

இது இரகசியமாக நடந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1936 முதல் மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளியாயின. சிகிச்சை பெறாத கறுப்பின ஆண்கள் என்று தலைப்பிலேயே இருந்தது. படித்த மருத்துவர்கள் தரவுகளைக் குறித்துக்கொண்டார்கள். 1965இல் டெட்ராய்டைச் சேர்ந்த இர்வின் ஷாட்ஸ் என்ற இளம் மருத்துவர் மட்டும் கண்டித்து ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை. 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அதே துறையில் பணியாற்றிய பீட்டர் பக்ஸ்டன் எழுதினார். 1968இல் மீண்டும் எழுதினார். ஹிட்லரின் படையெடுப்புக்கு முன் பிராகிலிருந்து வெளியேறிய யூதத் தந்தையின் மகன் அவர். மருத்துவர்கள் மனிதரைச் சோதனைப் பொருளாக்கியதைப் பற்றி அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதன் விளைவாக 1969 பிப்ரவரி 6 அன்று அட்லாண்டாவில் ஒரு நிபுணர் கூட்டம் கூட்டப்பட்டது. மூடிய அறை. ஆய்வைத் தொடர்வதா, உயிரோடிருப்பவர்களுக்குச் சிகிச்சை தருவதா என்பதே பொருள். இவ்வளவு காலம் கழித்துப் பென்சிலின் தந்தால் ஒவ்வாமை வரலாம், தீங்கு நேரலாம், இனி இப்படியோர் ஆய்வு செய்ய வாய்க்காது என்றெல்லாம் பேசப்பட்டது. அறையில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. அந்த ஆண்கள் ஒருவரையும் கேட்கவில்லை. டென்னசியைச் சேர்ந்த ஜீன் ஸ்டாலர்மன் என்ற மருத்துவர் மட்டும், இவர்களை நோயாளிகளாகப் பார்க்க வேண்டும், சிகிச்சை தர வேண்டும் என்று வாதிட்டார். மற்றவர்கள் தொடர்வது என்று முடிவு செய்தனர்.

பெர்லின் அவையைவிட இது எவ்வளவோ நாகரிகமான கூட்டம். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. நுண்ணுயிரியைப் பற்றி அங்கே சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலும் பிழையிருக்காது. ஷௌடினின் கூட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமலிருந்தது கிருமி; இங்கே தெரியாமலிருந்தவர்கள் நோயாளிகள்.

பக்ஸ்டன் கடைசியில் பத்திரிகையாளரிடம் போனார். 1972 ஜூலையில் அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி நாடு முழுதும் வெளியானது. அவ்வாண்டிலேயே ஆய்வு நிறுத்தப்பட்டது. மனிதர்மீது நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு 1974இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்துக்கு இதுவே உடனடிக் காரணம்.

1997 மே 16 அன்று வெள்ளை மாளிகையின் கிழக்கு அறையில் இன்னொரு கூட்டம் நடந்தது. 600 பேரில் அப்போது எஞ்சியிருந்தவர்கள் எட்டுப் பேர். ஐந்து பேர் வந்திருந்தார்கள். அதிபர் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு முன்பு பேசியவர் ஹெர்மன் ஷா என்ற விவசாயி, வயது 94. இந்த நோயைப் பற்றிக் கூடிய ஓர் அவையில் அந்த அறுநூறு பேரில் ஒருவர் எழுந்து பேச, மற்றவர்கள் அமர்ந்து கேட்டார்கள்.